வயிற்று வரிகளுக்கு எண்ணெய் போத்தல். தொடை வரிகளுக்கு யார் பொறுப்பு?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாமசிக்குள் போய் "ஸ்ட்ரெச் மார்க்குக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால், கடைக்காரத் தம்பி ஐந்தாறு போத்தல்களை எடுத்து வரிசையாக வைத்துவிடுவார். கொக்கோ வெண்ணெய், பாதாம் எண்ணெய், விற்றமின் ஈ, கற்றாழை ஜெல், இவை எல்லாம் கலந்தது என்று ஒன்று. கேட்பவர் பெரும்பாலும் கர்ப்பிணியாக இருப்பார், அல்லது அவர் அனுப்பி வந்த கணவராக இருப்பார். அந்தப் போத்தல்களில் எதுவும் ஸ்ட்ரெச் மார்க் என்ற இந்த வரித்தழும்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் அதே கடையில், வேறொரு தட்டில், வரியை உண்டாக்கக்கூடிய சின்ன ஸ்டீரொயிட் கிறீம் ட்யூப்கள் இருக்கின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பது அந்த ட்யூப்களைப் பற்றித்தான். இருந்தாலும் வயிற்றிலிருந்தே தொடங்குவோம், எல்லாரும் கேட்பது அதைத்தானே.

தோலின் மேற்பரப்பு கடதாசி அளவுக்கு மெல்லியது. அதற்குக் கீழே இருக்கும் தடித்த அடுக்கில்தான் கொலாஜன், எலாஸ்டின் என்ற இழைகள் பின்னிக் கிடக்கின்றன. தோலுக்கு உறுதியையும், இழுத்தால் திரும்பிப் போகும் தன்மையையும் கொடுப்பவை இவைதான். வயிறு வேகமாகப் பெருக்கும்போது இந்தக் கீழடுக்கின் பின்னல் ஆங்காங்கே அறுகிறது. மேல்தோல் அறுவதில்லை, அதனால்தான் இரத்தமோ புண்ணோ இல்லை. சட்டையின் உள்துணி கிழிந்து, மேல்துணி அதன்மேல் தொய்ந்து நிற்பது மாதிரி. கிழிந்த இடத்தை உடம்பு தன் வழியில் திருத்துகிறது. முதலில் வீக்கமும் இரத்த ஓட்டமும் கூடுவதால் வரி நிறமாகத் தெரியும். மாதங்கள் போகப்போகச் சுருங்கி, வெளிறி, நுண்ணிய சுருக்கங்களோடு நிலைத்துவிடும்.

வெள்ளைத் தோலில் இந்த முதற்கட்டம் சிவப்பு அல்லது ரோஜா நிறம். ஆங்கிலத்தில் எழுதப்பட்டதையெல்லாம் படித்துவிட்டு நம்மவர்கள் சிவப்பைத் தேடுகிறார்கள். நம் தோலில் அது கபில நிறமாகவோ, கருநீலமாகவோ, சிலருக்குச் சுற்றுத் தோலைவிடக் கறுப்பாகவோ இருக்கும். பிறகு வெளிறும்போது, சுற்றியிருக்கும் தோல் கறுப்பாக இருப்பதால் வெள்ளை வரி இன்னும் எடுப்பாகத் தெரியும். இந்த நிறக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை என்று வரும்போது அதுதான் முக்கியம்.

இழுவை மட்டும் காரணம் என்றால் எல்லாத் தாய்மாருக்கும் ஒரே அளவில் வர வேண்டும். வருவதில்லை. கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ அளவில் வருகிறது, மற்றவர்கள் இரட்டைப் பிள்ளை சுமந்தும் தப்பிவிடுகிறார்கள். வேறுபாட்டின் பெரும்பங்கு பிறப்போடு வந்தது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். 2013 இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளியினர் 30,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்தபோது, எலாஸ்டினை உருவாக்கும் மரபணுவின் அருகே இருக்கும் ஒரு மாறுபாட்டுக்கும் வரித்தழும்புக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது. அடுத்தது வயது. இருபதில் முதல் பிள்ளை பெறுபவருக்கு, முப்பத்தைந்தில் பெறுபவரைவிட அதிகம் வருகிறது. பலர் இதைத் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பே இருந்த எடை, கர்ப்ப காலத்தில் கூடிய எடை, பிள்ளையின் பருமன், பனிக்குட நீரின் அளவு ஆகியவையும் சேர்கின்றன. இவற்றோடு ஹோர்மோன்களும் உண்டு. உடம்பே சுரக்கும் கோர்ட்டிசோல் அளவு கர்ப்பத்தில் கூடுகிறது. அது கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கிறது. இந்தப் பெயரையும் மறக்க வேண்டாம், திரும்ப வரும்.

ஆகவே "நீ ஒழுங்காக எண்ணெய் பூசவில்லை, அதுதான்" என்று மாமியோ மச்சாளோ சொன்னால், அவர்கள் சொல்வதில் நியாயமில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டில், பத்தியக் கறியும் பால் கொடுப்பதும் தூக்கமில்லாமையுமாக இருக்கும் ஒருத்தியின் தலையில், வயிற்று வரிக்கான பழியையும் தூக்கி வைப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது.

எண்ணெய் வகைகளைச் சோதித்துப் பார்க்காமல் விட்டுவிடவும் இல்லை. கொக்கோ வெண்ணெய்தான் இதில் பேர்போனது. லெபனானில் முதல் பிள்ளை சுமந்த 175 பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கொக்கோ வெண்ணெய் கலந்த லோஷனையும் மற்றவர்களுக்கு அது இல்லாத லோஷனையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008 இல் முடிவு வந்தது: கொக்கோ வெண்ணெய் பூசியவர்களில் 45 சதவீதம், அது இல்லாத லோஷன் பூசியவர்களில் 49 சதவீதம் பேருக்கு வரி. இவ்வளவு சின்ன வேறுபாடு தற்செயலாகவே வரலாம். யமேக்காவில் 300 பேரிடம் செய்த சோதனையிலும் அதே கதை. 2012 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த 6 சோதனைகளை, மொத்தம் 800 பெண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்து, கர்ப்ப காலத்தில் எந்தப் பூச்சும் வரியைத் தடுக்கும் என்று சொல்லத் தரமான ஆதாரம் இல்லை என்று முடித்தது.

துருக்கியில் நடந்த ஒரு ஆய்வு மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. கசப்புப் பாதாம் எண்ணெயை நேரமெடுத்துத் தேய்த்துப் பிடித்துவிட்டவர்களில் 20 சதவீதத்தினருக்கே வரி வந்தது. அதே எண்ணெயை வெறுமனே பூசியவர்களில் 39 சதவீதம், ஒன்றும் பூசாதவர்களில் 41 சதவீதம். எண்ணெய் மட்டும் பூசியவர்களும் பூசாதவர்களும் கிட்டத்தட்ட ஒன்று என்பதைக் கவனியுங்கள். பலன் இருந்தால் அது தேய்ப்பில் இருக்கிறது. அந்த ஆய்வில் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதால் அதை முடிந்த முடிவாக எடுக்க முடியாது. ஆனாலும் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ உள்ளங்கையில் விட்டு மெதுவாகத் தேய்ப்பதால் நட்டமில்லை. தோல் வறட்சி குறையும், அரிப்பு தணியும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த மாதிரியும் இருக்கும். அதற்கு இறக்குமதிப் போத்தல் தேவையில்லை என்பது என் கட்சி. விற்றமின் ஈயைச் சுத்தமாக எடுத்துப் பூசினால் சிலருக்கு ஒவ்வாமையில் தோல் தடித்துவிடுவதும் உண்டு.

வல்லாரையை விட்டுவிட்டுக் கொழும்பில் இதைப் பேச முடியாது. வல்லாரைச் சாறு சேர்ந்த ஒரு கிறீமை 1991 இல் சோதித்தார்கள். முடித்தவர்கள் 80 பேர். அந்தக் கிறீம் பூசியவர்களில் 34 சதவீதம், மருந்தில்லாத வெறும் கிறீம் பூசியவர்களில் 56 சதவீதம் பேருக்கு வரி வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கிறீமில் விற்றமின் ஈயும், கொலாஜன், எலாஸ்டின் கூறுகளும் கலந்திருந்தன. வல்லாரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. இதை வைத்து, காலையில் கொலகெந்த என்ற இலைக்கஞ்சி குடித்தால் வரி வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தோலில் பூசிய சாற்றுக்குக் கிடைத்த முடிவைக் குடித்த கஞ்சிக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. வல்லாரைச் சம்பல் சோற்றுக்கு நல்லது, அவ்வளவுதான். புறக்கோட்டை கபோஸ் லேனில் பொடியாகக் கட்டித் தருவதை வாங்கிக் கர்ப்பிணிகள் மருந்தாகச் சாப்பிடுவது வேறு விஷயம். அதை டொக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கர்ப்பத்தில் உண்மையில் உங்கள் கையில் கொஞ்சமாவது இருப்பது எடை கூடும் வேகம். நம் கிளினிக்குகளில் மருத்துவமாது ஒவ்வொரு தடவையும் நிறுத்து அட்டையில் எழுதுவது இதற்கும் சேர்த்துத்தான். உலகம் முழுவதும் பயன்படும் 2009 ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல்படி, சரியான எடையில் கர்ப்பமாகும் ஒருவருக்கு மொத்தமாக 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். ஏற்கெனவே எடை அதிகமானவருக்கு 7 முதல் 11.5 கிலோ. மெலிந்தவருக்கு 12.5 முதல் 18 கிலோ. "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று பிளேன்டியிலும் மூன்று கரண்டி சீனி போடும் வழக்கத்தைக் குறைக்க இது நல்ல காரணம். மறுபக்கம், வரிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பதும், கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவை ஒதுக்குவதும் பிள்ளையைப் பாதிக்கும். வயிற்றுத் தோலுக்காகப் பிள்ளையின் எடையை விலையாகக் கொடுக்க வேண்டாம்.

சொறிந்தால்தான் வரி விழும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தோல் இழுபடும்போது அரிக்கிறது. இழுபடும் அதே இடத்தில்தான் வரியும் விழுகிறது. அதனால் ஒன்று மற்றதுக்குக் காரணம் போலத் தோன்றுகிறது. நகத்தால் கீழடுக்கை அறுக்க முடியாது, மேல்தோலைத்தான் கீறலாம். ஆனால் அரிப்பில் இரண்டு வகையை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று, கடைசி மாதங்களில் வயிற்று வரிகளின் மேலேயே சிவந்த தடிப்புகள் கிளம்பி, தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவைத்து, தொடைக்குப் பரவுவது. முதல் கர்ப்பத்தில்தான் இது அதிகம். தூங்க விடாது, ஆனால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. மற்றது, தோலில் எதுவும் தெரியாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பது, அதுவும் இரவில் கூடுவது. இது ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். பித்த அமிலம் இரத்தத்தில் அதிகமாக ஏறினால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் உண்டு. இதற்கு எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்கோ, காசல் வீதி, டி சொய்சா மகளிர் வைத்தியசாலைகளுக்கோ போக வேண்டும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கர்ப்பமில்லாதவர்களுக்கும் வரி வரும். சடுதியாக உயரும் பெடியன்களுக்கு முதுகின் கீழே குறுக்காக விழும். அடித்த தழும்போ என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் பதறுவதுகூட உண்டு. பெண் பிள்ளைகளுக்குத் தொடையிலும் மார்பிலும். ஜிம்முக்குப் போய் வேகமாகத் தசை ஏற்றுபவர்களுக்குத் தோளில், அக்குளை ஒட்டி. இவை தானாக மங்கும், பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை.

சரி, அந்த ட்யூப்களுக்கு வருவோம்.

கோர்ட்டிசோலை ஒத்த மருந்துகள்தான் ஸ்டீரொயிட் கிறீம்கள். எக்சிமா, சொரியாசிஸ் போன்றவற்றுக்கு அளவோடு பூசினால் அருமையான மருந்து. கொஞ்ச நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும். அளவு மீறினால், கர்ப்பத்தில் கோர்ட்டிசோல் செய்வதை இவை பல மடங்கு பலத்தோடு ஒரே இடத்தில் செய்கின்றன: கொலாஜன் உற்பத்தி படுக்கிறது, தோல் மெலிகிறது, சாதாரண அசைவின் இழுவைக்கே கீழடுக்கு அறுகிறது. குளோபிற்றசோல், பீற்றாமெதசோன் போன்ற பலமான வகைகளில் இது அதிகம். மடிப்பான இடங்களில் சில வாரங்களிலேயே வரி விழலாம். இப்படி விழும் வரிகள் அகலமாக, ஆழமாக இருக்கும். மற்றவை போல மங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இடம் ஏன் முக்கியம்? தோல் எங்கும் ஒரே மாதிரி மருந்தை உறிஞ்சுவதில்லை. 1967 இல் ஹைட்ரோகோர்ட்டிசோனை வைத்து அளந்தார்கள். முன்கை உறிஞ்சுவதை 1 என்று எடுத்தால், அக்குள் 3.6, நெற்றி 6, தாடை 13, விதைப்பை 42. உள்ளங்கால் 0.14 தான். காலில் தடித்த தோலுக்கு எழுதிக் கொடுத்த கிறீமை அதே அளவில் தொடை இடுக்கில் பூசினால் என்ன ஆகும் என்று இந்த எண்களே சொல்கின்றன.

கொழும்பில் இது இரண்டு வாசல்களால் உள்ளே வருகிறது. முதலாவது, பங்கசால் தோலில் வரும் படை. இந்த ஊர் வெக்கையில், இறுக்கமான ஜீன்ஸோடு 100 ஆம் இலக்க பஸ்ஸில் நெருக்குப்பட்டு, வியர்வை காயாமல் நாள் முழுக்கத் திரிபவர்களுக்குத் தொடை இடுக்கில் பங்கசு வருவது சாதாரணம். வெட்கம். டொக்டரிடம் காட்டக் கூச்சம். பாமசியில் மெதுவாக "கடிக்குது, ஏதாவது தாங்கோ" என்றால், பங்கசு மருந்தும் கிருமி மருந்தும் ஸ்டீரொயிட்டும் சேர்ந்த ஒரு ட்யூப் கைக்கு வரக்கூடும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது, ஆகவே நல்ல மருந்து. நிறுத்தியதும் திரும்ப வருகிறது, ஆகவே திரும்ப வாங்குகிறோம். உண்மையில் ஸ்டீரொயிட் அரிப்பை அமர்த்தி, பங்கசு நிம்மதியாகப் பரவ இடம் கொடுத்திருக்கிறது. சில மாதங்களில் படையும் இருக்கும், தொடையின் உள்பக்கத்தில் விரல் அகல வரிகளும் இருக்கும். படைக்குப் பங்கசு மருந்து மட்டும் போதும், ஸ்டீரொயிட் சேர்ந்தது தேவையில்லை. பலமான ஸ்டீரொயிட் கிறீம்கள் மருந்துச் சீட்டுக்கே கொடுக்க வேண்டியவை. சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதால் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

இரண்டாவது வாசல் வெள்ளையாக்கும் கிறீம். கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, சேலை உடுத்தால் கையும் கழுத்தும் தெரியும், ஆகவே முகத்துக்கு மட்டும் பூசியது இப்போது உடம்பு முழுக்கவும். லேபலில் மூலப்பொருள் பட்டியல் இல்லாத, தயாரித்தவர் முகவரி இல்லாத, ஃபேஸ்புக்கிலும் சலூனிலும் டப்பாவாக விற்கும் கிறீம்களில் ஸ்டீரொயிட் ஒளிந்திருப்பதைத் தோல் வைத்தியர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறார்கள். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே வெளிறச் செய்வது ஸ்டீரொயிட்டின் குணம். பிறகு முகத்தில் பருவும் முடியும் சிவந்த நரம்புக் கோடுகளும் வரும். கையின் உள்பக்கம், அக்குளோரம், தொடை ஆகிய இடங்களில் வரி விழும். (சிலவற்றில் பாதரசமும் இருக்கிறது. சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருட்களில் முதலில் வைத்த உச்சவரம்பு 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு; 2023 இல் அந்த வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை முழுதாகவே நிறுத்த முடிவெடுத்தார்கள். பாதரசம் வரி தராது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) நிறத்துக்காக வாங்கிய கிறீம், வெள்ளைக்காரிக்கே தெரியாத அளவு பளிச்சென்ற வெள்ளை வரிகளைக் கறுத்த தோலில் போட்டுவிட்டுப் போவதுதான் இதில் கொடுமை.

அம்மா தந்த மரபணுவை மாற்ற முடியாது, வயிறு பெருப்பதை நிறுத்த முடியாது. இந்த வரிகளை மட்டும் முழுதாகத் தடுக்கலாம். அதற்குச் செலவே இல்லை, வாங்காமல் விட்டால் போதும். ஆனால் ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தினால் தோல் சிவந்து எரியும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போய், படிப்படியாக விடுவதுதான் வழி. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே குளிசையை நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

வந்துவிட்ட வரியை என்ன செய்யலாம்? இங்கேதான் நிறக் கணக்கு. நிறமாக இருக்கும் முதல் மாதங்களில் கீழடுக்கு இன்னும் திருத்த வேலையில் இருக்கிறது, ஆகவே மருந்துக்குக் கேட்கும். வெள்ளையான பிறகு அந்த வேலை முடிந்துவிட்டது. விற்றமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினொயின் என்ற மருந்தின் 0.1 சதவீதக் கிறீமை 22 பேரிடம் 24 வாரங்கள் பார்த்த 1996 ஆம் ஆண்டின் சோதனையில், புதிய வரிகளின் நீளம் 14 சதவீதமும் அகலம் 8 சதவீதமும் குறைந்தன. வெறும் கிறீம் பூசியவர்களுக்கு இரண்டுமே கூடின. பழைய வெள்ளை வரிகளில் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. கர்ப்பிணிகளும் பிள்ளைக்கு முயல்பவர்களும் ட்ரெட்டினொயினைத் தொடக்கூடாது, பால் கொடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்டே தொடங்க வேண்டும். இதனால்தான் பிரசவத் தழும்புக்கு மருந்து பொருந்தும் காலம் மிகக் குறுகியதாகிவிடுகிறது.

லேசர் பற்றிக் கொழும்பில் விளம்பரத்துக்குக் குறைவில்லை. நிறமான வரிக்கு ஒரு வகை, வெள்ளை வரிக்கு நுண்துளைகளாகச் சுட்டுப் புதுக் கொலாஜனைத் தூண்டும் இன்னொரு வகை. ஊசி உருளையால் குத்தும் முறையும் உண்டு. எல்லாம் பல தடவைகள், வாரக்கணக்கில் இடைவெளி விட்டு. எதுவும் வரியை அழிக்காது, மங்கச் செய்யும். தோல் நிறத்தை ஆறாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நம்மில் பெரும்பாலானோர் நான்கிலோ ஐந்திலோ இருக்கிறோம். இந்தத் தோல் சூடு பட்டால் கறுக்கும். லேசர் அளவு கொஞ்சம் பிசகினால், மங்கிய வரியைச் சுற்றிக் கறுத்த கட்டம் கட்டமான அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியதல்ல. இயந்திரத்தைப் பிடிப்பவர் யார், இலங்கை மருத்துவ சபையில் பதிவான வைத்தியரா, நம் நிறத் தோலில் செய்த படங்கள் இருக்கின்றனவா, முதலில் ஒரு சின்ன இடத்தில் செய்துவிட்டுச் சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பாரா. தயங்கினால் எழுந்து வரலாம். கறுத்த தோலுக்கு ஊசி முறையில் இந்த ஆபத்து குறைவு என்பதையும் கேட்டுப் பார்க்கலாம். காலிமுகத்திடல் வெயிலில் சுற்றுத் தோல் கறுக்கக் கறுக்க வெள்ளை வரி இன்னும் தெரியும் என்பதால், வெளியில் தெரியும் இடமானால் சன்ஸ்கிறீம் கொஞ்சம் உதவும்.

கடைசியாக ஒன்று. கர்ப்பமும் இல்லை, கிறீமும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனாலும் வயிற்றில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் அகலமான கருநீல வரிகள், முகம் உருண்டு வீங்கி, கை கால் மெலிந்து, இலேசாகத் தட்டினாலும் தோல் கன்றிப்போய், இரத்த அழுத்தமும் சீனியும் கூடியிருக்கிறது என்றால், உடம்பு தானே கோர்ட்டிசோலை அளவுக்கு மீறிச் சுரக்கிறதோ என்று பார்க்க வேண்டும். இது அரிது. இருந்தால் தோல் வைத்தியரைவிட ஹோர்மோன் வைத்தியரே தேவை. தேசிய வைத்தியசாலையில் இலவசமாகவே காட்டலாம்.